ஒரு யுத்தம் தருவதாகச் சொன்ன அத்தானுக்கு

எங்கள் பாசத்துக்குரிய கனகசபை அத்தான்,

வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் அக்காவையும் என்னையும் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் விட்டுப்போன ஈயச் சிப்பாய்கள், தகர வண்டிகள், காது உடைந்த மர யானை எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நெருப்புக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திவசத்தன்று அக்கா உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்திருப்பீர்கள்.

போன கிழமை வீட்டுக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக, வேறு வேறு நாளில். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இதை ஒரு பத்திரிகையில் போடப்போகிறார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாதே. தெரிந்ததுதானே என்று கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

யுத்த காலத்தில் நீங்கள் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கராக இருந்தீர்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வீடு. நான் படிப்பித்த பள்ளிக்கூடம் குண்டுக்குப் பயந்து மலைநாட்டுக்குப் போய்விட்டதால், சின்ன வகுப்பு ரீச்சரான நான் வேலையில்லாமல் உங்கள் வீட்டில் இருந்தேன். உங்களுக்கோ சிப்பாயாக வேண்டுமென்று ஆசை. தொண்டர் படைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு ஒருநாள் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு போனீர்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினீர்கள். கழற்றிவிட்டு, மூலையில் கொளுவியிருந்த மழைக்கோட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தீர்கள்.

"உம்மிடம் துவக்கைக் கொடுத்தால் எதிரிக்கு இங்கே வேலையே இருக்காது" என்று டாக்டர் சொன்னதை நீங்களே வந்து சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அன்று சாப்பிடவில்லை. அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். உங்கள் பங்கையும் சேர்த்து அவளே சாப்பிட்டாள்.

அந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் யுத்த நிதிக்காக ஒரு கண்காட்சி வைப்பதென்று நம் பகுதியில் கூட்டம் போட்டார்கள். தலைவர், புதுக்கடைக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி சவரிமுத்து. தெருவுக்கு ஒரு மேசை என்று ஏற்பாடு. ஒரு தெரு வளையம் எறிகிற விளையாட்டுத் தருகிறேன் என்றது. பிரக்கிராசியாரின் மனைவி கேக் தருவதாகச் சொன்னார். நீங்கள் பின்வரிசையில் எழுந்து நின்றீர்கள்.

"எங்கடை தெருவாலை நான் ஒரு யுத்தம் தாறன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பொம்மைச் சிப்பாய்கள், பொம்மை லொறிகள், பீரங்கிகள் எல்லாம் வைத்து ஆபிரிக்கப் பாலைவனத்தில் நடந்த சண்டையை அப்படியே மேசையில் காட்டப்போவதாக விளக்கினீர்கள். பிரக்கிராசியார் நோட்டமாகப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கனகசபை, கேக் மாதிரி இல்ல இது. யுத்தம் பெரிய வேலை" என்றார். "பரவாயில்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "ஏனப்பா, உலகத்திலை நடக்கிற சண்டை காணாதெண்டே வீட்டுக்குள்ளையும் கொண்டுவாறியள்?"  அவள் ஏசி முடிப்பதற்குள் நீங்கள் வெள்ளவத்தைக் கடற்கரையில் இரண்டு சாக்கு மணல் அள்ளி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

மணல் இருந்தது. சிப்பாய்கள்தான் இல்லை. யுத்தத்தால் பொம்மைக் கப்பல்கள் நின்று வெகுநாள். காலி நகருக்குப் போகும் வீதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த உங்கள் சிநேகிதர் மஜீத் நானாவிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எங்களைக் கடையின் பின்பக்கத்துக்கு அழைத்தார்.

"ஒரு பொட்டி நெறய ஆமிக்காரனுவள் ஈக்கிறானுவள் தொரை. ஆனா எல்லாம் ஜெர்மன்காரன் செஞ்ச. யுத்தத்துக்கு முந்தி வந்த சாமான். வெளிய வெச்சா பொலிஸ் வரும். உள்ள வெச்சா பொண்டாட்டி ஏசுறா. கொண்டு போங்க, எனக்கும் நிம்மதி."

பெட்டியைத் திறந்தோம். கறுப்புத் தொப்பியும் சாம்பல் உடுப்புமாக எதிரிப் படை முழுவதும் வைக்கோலுக்குள் படுத்திருந்தது. கூடவே, சாவி கொடுத்தால் ஓடும் தகர லொறிகள், ஒரு தீயணைக்கும் வண்டி. பெரஹரா ஊர்வலத்துக்கு விற்று மிஞ்சிய மர யானை ஒன்றையும் நானா சும்மா தூக்கிப் போட்டார். நீங்கள் ஒரு சிப்பாயைக் கையில் எடுத்து, மூக்குக்கருகே பிடித்துப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பிள்ளை, உவையை நாங்கள் எங்கடை பக்கம் எடுப்பம்."

அன்றிலிருந்து நம் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இல்லை. இருட்டடிப்புக்காக ஜன்னலில் பூசி மிஞ்சிய கறுப்பு பெயின்டோடு மஞ்சள் பெயின்டைக் கலந்து நான் காக்கி நிறம் செய்தேன். தொப்பிகளை அரத்தால் ராவினீர்கள். மீன் அடைத்து வந்த தகரப் பேணிகள் கவச வண்டிகளாயின. உடைந்த குடையின் கம்பிகளைப் பீரங்கிக் குழாயாக்கினோம். அக்காவின் கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய் லொறிகளின் மேல் ரேடியோக் கம்பிகளாக முளைத்தன. அக்கா தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி வந்து நின்று மேசையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

எல்லாம் சரி. கால்தான் பிரச்சினையாயிற்று.

அந்தப் படையில் ஒவ்வொருவனும் ஜெர்மன் நடையில் ஒரு காலை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தான். உடுப்பு மாறியது, தொப்பி மாறியது, கால் இறங்கவில்லை. அப்படியே வைத்தால் நம் பகுதிக் குழந்தைகளுக்கும் தெரிந்துவிடும். குசினி அடுப்பில் சூடுகாட்டி வளைத்தால் இறங்கும் என்றீர்கள். இறங்கியது. ஒரேயடியாக இறங்கி அடுப்புக்குள் சொட்டியது. நீங்கள் அடுத்தவனை எடுத்தீர்கள். அவனுடையதும் சொட்டியது. அக்கா வந்து அடுப்பை அணைப்பதற்குள் ஒரு பிரிவே கால் இழந்திருந்தது.

நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. காலைத் தூக்கியிருக்கிறவன் காலடியில் ஒரு கல்லை வைத்தால், அவன் மலை ஏறுகிறான்!

ஒரு சிப்பாயின் காலுக்குக் கீழே பிஸ்கட் துண்டு ஒன்றை வைத்துக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். "ஆபிரிக்காப் பாலைவனத்திலை மலை ஏது?" என்று கேட்டீர்கள். பிறகு நீங்களே சொன்னீர்கள். "பர்மாவிலை கிடக்கு." இப்படித்தான் ஒரு காலின் காரணமாக யுத்தம் ஆபிரிக்காவிலிருந்து பர்மாவுக்கு மாறியது. வெள்ளவத்தை மணலில் அக்கா ஒரு வருடம் சட்டி பானை தேய்த்தாள்.

மலை செய்யச் சாக்கைக் கஞ்சியில் தோய்க்க வேண்டுமென்று கேட்டபோது அவள் கொஞ்சமும் இளகவில்லை. "அரிசி கூப்பனுக்கு வருகுது. மனுசருக்கே கஞ்சி இல்லை, உங்கடை மலைக்குக் கஞ்சியோ?" மட்டக்குளி ஆற்றங்கரைக் களிமண்ணை அள்ளிவந்து மலை கட்டினோம். மறுநாள் காலை பர்மா மலையின் உச்சியிலிருந்து ஒரு நண்டு இறங்கி வந்தது. எதிரிகளைச் செய்ய எங்களுக்கு ஆள் போதவில்லை. அவர்கள் காட்டுக்குள் ஒளிந்திருப்பதாக முடிவு செய்தீர்கள். உங்கள் மூளைக்கு நிகர் கிடையாது, அத்தான்.

கண்காட்சிக்கு முந்தின கிழமை பிரக்கிராசியார் பார்வையிட வந்தார். ஒரு சிப்பாயைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். அவர் முகம் வெளிறியது. பாதத்தின் அடியில் ஜெர்மனியில் செய்தது என்று எழுத்துப் பொறித்திருந்தது.

"மிஸ்டர் கனகசபை, இது எதிரி நாட்டுச் சாமான். திறந்துவைக்க வர்றது இங்கிலீஷ் மேஜர். அவர் கண்ணில பட்டா கடைக்காரன் உள்ள போவான், நீரும் போவீர். நான் உம்மைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் போனதும் சிப்பாய்களைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினீர்கள். பயம் உங்களுக்காக அல்ல, மஜீத் நானாவுக்காக என்று சொன்னீர்கள். "பாவம், சிநேகிதத்துக்காகத் தந்த மனுசன். அவருக்கு ஒண்டு நடந்தால் நான் என்னெண்டு முகம் பார்க்கிறது?" யுத்தத்தை விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டீர்கள். அப்போதுதான் அக்கா சிப்பாய்களைச் சுளகில் அள்ளிக்கொண்டு போய் அம்மிக்கு முன்னால் குந்தினாள். ஒவ்வொருவராக எடுத்து அடிப்பாதத்தை அம்மியில் தேய்க்கத் தொடங்கினாள். நீங்களும் நானும் அரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தோம். அம்மியை எத்தனை தரம் கழுவினாலும், அடுத்த நாள் சம்பலில் ஒரு ஜெர்மன் எழுத்துக் கடிபட்டது என்று நீங்கள் சாதித்தீர்கள்.

திறப்பு விழா நினைவிருக்கிறதா? மண்டபம் நிறைய ஆட்கள். நம் மேசையைச் சுற்றித்தான் நெரிசல். கேக்கைப் பார்க்க ஆளில்லை. மஜீத் நானா புதுச் சாரமும் கோட்டுமாக வாசலோடு நின்றார், எந்த நேரமும் ஓடுவதற்கு வசதியாக. மேஜர் வந்தார். கூடவே அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு நம் டாங்கி பிடித்துவிட்டது. தீயணைக்கும் வண்டியின் மேல் மீன் பேணியைக் கவிழ்த்து நீங்கள் செய்த டாங்கி. உள்ளே இருந்த மணியை எங்களால் கடைசிவரை கழற்ற முடியவில்லை. சாவி கொடுக்காவிட்டால் அடிக்காது என்று விட்டுவிட்டோம்.

அந்த அம்மா சாவி கொடுத்தார்.

பர்மா மலையில் டாங்கி கிணிகிணியென்று மணியடித்துக்கொண்டு இறங்கியது. சிப்பாய்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, யானையை முட்டி, மேசை விளிம்பில் போய் நின்றது. நின்ற பிறகும் மணி ஓயவில்லை. மேஜர் புருவத்தைத் தூக்கினார். டாங்கிக்கு மணி எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் விறைத்து நின்று ஆங்கிலத்திலேயே சொன்னீர்கள். "வழியில் மாடுகள் விலகுவதற்கு, சேர்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் மேஜர் அதோடு விடவில்லை. விழுந்து கிடந்தவர்களில் குதிரைமேல் இருந்த அதிகாரியைக் கையில் எடுத்தார். மேஜரும் குதிரைப்படைக்காரராம். குதிரையைத் திருப்பினார். பாதங்களைத் தேய்த்தோமே தவிர, குதிரையின் வயிற்றை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே எழுத்துப் பளிச்சென்று இருந்தது.

"இது எங்கே செய்தது?"

 பிரக்கிராசியார் கேக் மேசைப் பக்கம் நகர்ந்தார். மஜீத் நானாவின் உதடுகள் எதையோ ஓதின. அக்கா என் கையை நசுக்கினாள். நீங்கள் ஒரு நொடி நிலத்தைப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்தீர்கள்.

"போர்க்கைதி, சேர். பிடித்துவைத்திருக்கிறோம். மனம் மாறி இப்போது நம் பக்கம்."

மேஜர் உங்களையே பார்த்தார். அவர் மீசை ஆடத் தொடங்கியது. "நன்றாக நடத்துகிறீர்களா?" என்று கேட்டார். "பெயின்டுக்குக் குறைவில்லை, சேர்" என்றீர்கள். அந்த மனிதர் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதைப் பார்த்துப் பிரக்கிராசியார் திரும்பி வந்து உங்கள் தோளில் கைபோட்டு, "நம்ம கனகசபை" என்றார்.

சிரித்து முடித்த மேஜர், இதை அப்படியே ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். பர்மாவில் காயப்பட்டவர்கள் கிடக்கிறார்கள், பார்த்து உற்சாகப்படட்டும் என்றார். நீங்கள் அந்தக் கிழமை முழுவதும் இரண்டு அங்குலம் உயரமாக நடந்தீர்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவரும் உற்சாகப்படவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றைப் பிடித்து நடத்திய ஆஸ்பத்திரி அது. நீண்ட வகுப்பறையின் நடுவே நம் மலையை வைத்தோம். கட்டிலில் கிடந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இந்தியாக்காரர், ஆபிரிக்கர், வெள்ளைக்காரப் பெடியள், எல்லோரும் அப்படித்தான். நீங்கள் கவிழ்ந்த யானையை நிமிர்த்துவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது ஊன்றுகோல் சத்தத்தோடு ஒருவர் வந்தார். மதுரைப் பக்கத்து மனிதர், முனியாண்டி. சாலை போடும் கூலிப்படை ஒன்றுக்குச் சமையல்காரர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மேசையைச் சுற்றி ஒரு தரம் வந்தார்.

"ஏன் சார், எல்லாரும் சுட்டுக்கிட்டே இருக்காங்களே, சோறு யாரு ஆக்குறது?"

நீங்கள் திகைத்தீர்கள். அதை நாம் யோசிக்கவே இல்லையே. முனியாண்டி மலையின் பின்பக்கம் குனிந்தார். அடுப்பில் கால் உருகினவர்களை வீணாக்க மனமில்லாமல் நான் அங்கே உட்காரவைத்து, இடுப்புக்குக் கீழே துணித்துண்டு போர்த்தியிருந்தேன். அவர் ஒருவனின் துணியைத் தூக்கிப் பார்த்தார். கால் இல்லை.  அவர் மெல்லத் துணியை மூடினார். பிறகு வார்டு முழுக்கக் கேட்க, "டேய், இங்க பாருங்கடா, நம்ம ஆளு!" என்று சிரித்தார். சுவரைப் பார்த்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"என்னையும் இவங்களோட வச்சிருங்க சார். தேத்தண்ணி கொதிக்க வக்கிற மாதிரி. என் பக்கத்துல பெருமாளு. தலையில செவப்புத் துண்டு. சீட்டுல எப்பவும் தோத்துக்கிட்டே இருக்குற அந்தோணி. அப்புறம் சுப்பையா, அவன் தனியாத்தான் உக்காருவான், பல்லக் குத்திக்கிட்டு."

அடுத்த ஞாயிறு செய்துகொண்டு போனோம். துண்டின் சிவப்பு அந்தச் சிவப்பு இல்லை என்றார் அவர். வீட்டுக்குக் கொண்டுவந்து மாற்றினேன். அதுவும் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு விரல்நுனித் துண்டுக்கு என்ன சிவப்பு வேண்டியிருக்கிறது? நீங்கள்தான், "அவர் சொல்லுற மாதிரியே செய், பிள்ளை" என்றீர்கள்.

பிறகு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். ஆபிரிக்கர் ஒருவருக்குத் தான் குளிப்பதாக இருக்க வேண்டும். மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் தன் நாயைக் கேட்டான். இன்னொருவர் முடிவெட்டிக்கொள்ள விரும்பினார். ஞாயிறுக்கு ஞாயிறு பர்மாவில் துவக்குகள் குறைந்தன. தேத்தண்ணீர்க் கேத்தல்கள் கூடின. டாங்கியின் பீரங்கிக் குழாயில் ஒரு கோவணம் காய்ந்தது. மலையேறிக்கொண்டிருந்தவர்கள்கூட, கல்லில் கால்வைத்துச் சப்பாத்துக் கயிறு கட்டுகிறவர்களாக மாறிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு மேஜர் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் கனகசபை, நடு யுத்தத்தில் ஒருவன்கூடச் சண்டை போடவில்லையே?"

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சேர்" என்றீர்கள்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இதைப் பார்த்தால் குணமாகித் திரும்பிப் போகிறவன் எப்படிச் சண்டை செய்வான் என்று கேட்டார். மாலைக்குள் மேசையை அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் என் ஆட்கள் அள்ளிக் கொட்டுவார்கள் என்றார். நீங்கள் அசையவில்லை. அதிகாரிக்கு முன்னால் குரல் உயர்த்தும் பழக்கம் உங்களுக்கு எப்போதும் இல்லை. அசையாமல் நின்றதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலில் முனியாண்டி எழுந்தார். ஊன்றுகோலோடு வந்து மேசைக்கும் மேஜருக்கும் நடுவே நின்றார். பிறகு தன்னைக் குளிப்பதாக வைக்கச் சொன்ன ஆபிரிக்கர். பிறகு கட்டுப்போட்ட கையோடு ஒருவர். எழக்கூடியவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள்.  மேஜர் அவர்களுடைய தோள்களுக்கு மேலாக மேசையைப் பார்த்தார். அந்தச் சின்ன நாயின் மேல் அவர் கண் நின்றது. யாருடையது என்று கேட்டார்.

"என்னுடையது, சேர்" என்றான் அந்த வெள்ளைக்காரப் பெடியன், கட்டிலில் கிடந்தபடியே.

மேஜர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று திரும்பி வரும்போது டிராமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். கிராண்ட்பாஸ் தாண்டியதும் சொன்னீர்கள். "பிள்ளை, இண்டைக்குத்தான் நான் படையிலை சேர்ந்த மாதிரிக் கிடக்கு."  அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அத்தான்? இப்போதும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து ஆஸ்பத்திரி மூடியதும் கைவண்டியில் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் நீங்கள் காய்ச்சலில் விழுந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாதவை. அக்கா கண்ணாடி அலுமாரியிலிருந்த கலியாணப் பீங்கான்களை எல்லாம் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அங்கே உங்கள் ஆட்களை அடுக்கிவைத்தாள். தூசி தட்ட என்னைக்கூட விடுவதில்லை. என் பள்ளிக்கூடம் திரும்பி வந்துவிட்டது. மஜீத் நானாவின் கடைக்கு மறுபடி கப்பலில் பொம்மைகள் வருகின்றன. "சரியான மட்டம் தங்கச்சி, ஒரு கால் கூட ஒழுங்கா தூக்க மாட்டேங்குது" என்று குறைப்படுகிறார். உங்கள் பெயர் வந்தால் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு நிற்பார்.

போன கிழமை வந்த முதல் ஆள் முனியாண்டி. மரக்கால் சத்தம் கேட்டு நான்தான் கதவைத் திறந்தேன். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்தவர், கொழும்பில் இறங்கி விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.

"சார் இருக்காரா?"

அக்கா சுவரிலிருந்த உங்கள் படத்தைக் காட்டினாள். மாலை போட்டிருந்ததைப் பார்த்தார். அப்படியே நின்றார். அக்கா கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தாள்.  குடித்து முடித்த பிறகுதான் அலுமாரியைக் கண்டார். எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து தன்னைக் கண்டுபிடித்தார். அக்கா அலுமாரியைத் திறந்து, கேத்தலோடு இருந்த அந்தச் சின்ன ஆளை எடுத்து நீட்டினாள்.

"நீங்கள் கொண்டு போங்கோ தம்பி. உங்கடைதானே."

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே பதனமாக வைத்தார்.

"வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன். பெருமாளு, அந்தோணி, சுப்பையா மூணு பேரும் இங்கதானே இருக்காங்க. வேற எங்கயும் இல்லயே."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியில் அவர் அதைச் சொல்லவே இல்லை. அந்தத் துண்டின் சிவப்புக்காக நான் முணுமுணுத்தேனே, உங்களுக்கு அப்போதே தெரியுமா, அத்தான்? தெரிந்துதான் அவர் சொல்லுகிற மாதிரியே செய் என்றீர்களா?

அவர் போனதும் அக்கா குசினிக்குள் போய்விட்டாள். வெங்காயம் உரிக்கிறேன் என்றாள். அன்று சமையலில் வெங்காயமே இல்லை.

இரண்டாவது ஆள் பிரக்கிராசி சவரிமுத்து. அவரை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நாடு சுதந்திரம் அடையப்போகிறதாம். அதற்கொரு கொண்டாட்டமாம். அதற்கும் அவர்தான் தலைவராம்.

"மிஸிஸ் கனகசபை, நம்ம ஐயாவுடைய படைய திரும்ப எடுக்கணும். காக்கிய மாத்தி நம்ம நாட்டு உடுப்பா பூசிடலாம். கையில கொடி குடுக்கலாம். முக்கியமா, இப்படி உக்காந்திருக்கிறது சரியில்ல. எல்லாரையும் எழுப்பி அட்டென்ஷன்ல நிக்க வெக்கணும்."

அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "அவை எழும்பமாட்டினம்."

"இது நாட்டுக்காக மிஸிஸ் கனகசபை!"

"நாட்டுக்காகத்தான் இவ்வளவு நாளும் நிண்டவை. இப்ப பென்ஷன். உடுப்பும் மாத்தமாட்டினம், கொடியும் தூக்கமாட்டினம். தேத்தண்ணி குடிப்பினம். நீங்களும் இருந்து ஒண்டு குடியுங்கோ."

கோட்டில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த மனிதர். அக்காவின் முகத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார். தேத்தண்ணீரோடு வடையும் வந்தது. குடித்துக்கொண்டே அலுமாரியைப் பார்த்தபடி இருந்தார். குளிக்கிறவர், முடிவெட்டுகிறவர், நாயோடு விளையாடுகிறவர், காய்கிற கோவணம், எல்லாவற்றையும் பார்த்தார். கதிரையை மெல்ல மெல்ல அலுமாரிப் பக்கம் நகர்த்தினார். பிறகு அக்கா உள்ளே போன சமயம் பார்த்து என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, அந்த யானைக்குப் பக்கத்துல ஒரு இடம் சும்மாதானே கெடக்கு. என்னையும் வெக்க ஏலுமா?"

வைக்கப்போகிறேன், அத்தான். கையில் ஒரு கேக் தட்டும் கொடுத்து வைப்பேன். கால் இல்லாத ஆள் ஒருவர் இன்னும் பெட்டிக்குள் மிச்சம் இருக்கிறார். இடுப்பைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்திவிட்டால் பிரக்கிராசிக்குப் பொருத்தமாக இருக்கும். இனி யார் வந்து கேட்டாலும் வைப்பேன், வருகிறவர்களுக்கு இடம் போதாவிட்டால் அக்காவின் அடுத்த அலுமாரியையும் பிடிப்போம். ஆனால் ஒன்று. எந்தக் கொடி ஏறினாலும் இறங்கினாலும், நான் இருக்கும்வரை உங்கள் ஆட்களில் ஒருவரையும் யாரும் எழுப்பி நிற்க வைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கையில் பெருமாளுடைய துண்டின் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருக்க, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து,
உங்கள் மச்சாள்
பாக்கியம்